வேலை அனுமதி உயிரோடு இருக்கும்போதே பணத்தை அனுப்பிவிடுங்கள்

வாசகர் கடிதம்: தாய்லாந்தின் ரயோங் மாகாணத்தில், வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஐந்து ஆண்டுகளாகப் பொறியாளராக வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 95,000 பாத். ஆண்டுக்கு மூன்று வாரம் மட்டும் ஊருக்கு வந்து போவேன். டிசம்பர் இறுதியில் ஒப்பந்தம் முடிகிறது. அத்துடன் திருச்சிக்கே திரும்பிவிட எண்ணியிருக்கிறேன். செலவு போக இங்குள்ள சேமிப்புக் கணக்கில் 14 லட்சம் பாத் இருக்கிறது. அதை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று வங்கிக் கிளையில் கேட்டபோது, பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு 'இங்கே முடியாது' என்று சொல்லிவிட்டார்கள். சிறு சிறு தொகையாகப் பிரித்து அனுப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார் ஒரு நண்பர். பாங்காக்கில் ஒருவரிடம் பாத்தைக் கொடுத்தால் மறுநாளே அப்பாவின் கணக்கில் ரூபாய் விழும் என்கிறார் இன்னொருவர். வேலை அனுமதி இல்லாத மற்றொரு நண்பர், தன்னுடைய 2 லட்சம் பாத்தையும் என் கணக்கு வழியாக அனுப்பித் தரச் சொல்கிறார். நான் என்ன செய்யலாம்? இந்தப் பணத்துக்கு இந்தியாவில் வரி கட்ட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவலைப்படுவது வங்கி மறுத்ததைப் பற்றி. நான் கவலைப்படுவது டிசம்பர் என்ற சொல்லைப் பற்றி. வங்கி மறுத்ததைச் சரிசெய்ய வழி உண்டு. நாள் கடந்துவிட்டால், சரிசெய்வதற்கு நீங்கள் தாய்லாந்திலேயே இருக்க மாட்டீர்கள். வேலையை முன்னிட்டு நீட்டித்துத் தரப்பட்ட தங்கும் அனுமதி, வேலை முடியும் நாளோடு முடிந்துவிடும். குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாத் கட்டி விண்ணப்பித்தால் ஏழு நாள் கூடுதலாகக் கிடைக்கும். அந்த ஏழு நாளில் வீட்டைக் காலி செய்வீர்களா, முன்பணத்தைத் திரும்பக் கேட்பீர்களா, செல்லாத வேலை அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு வங்கி வாசலில் நிற்பீர்களா? ஆகவே, கடைசி வேலை நாளுக்கு முன்பே பணத்தின் பெரும் பகுதி ஊர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மற்றவை எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

வங்கி ஏன் மறுத்தது என்பதைப் பார்ப்போம். தாய்லாந்தில் அன்னியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1942-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தாய்லாந்து மத்திய வங்கி அதை நிர்வகிக்கிறது. அதன் அங்கீகாரம் பெற்ற முகவர்களாக வணிக வங்கிகள் செயல்படுகின்றன. வரி கட்டிய சம்பளத்தை ஒரு வெளிநாட்டவர் தன் நாட்டுக்கு அனுப்புவதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அனுப்புகிறவர் யார், பணம் எப்படி வந்தது, எதற்காகப் போகிறது என்ற மூன்றுக்கும் ஆதாரத்தைப் பார்த்துவிட்டு அனுப்பும் பொறுப்பு வங்கியின் தலையில் இருக்கிறது. ஒரே பரிவர்த்தனையின் தொகை மிகப் பெரியதாக இருந்தால்தான் மத்திய வங்கிக்கான தனிப்படிவம் தேவைப்படும். உங்கள் 14 லட்சம் பாத் ஏறக்குறைய 40,000 அமெரிக்க டாலர் அளவில்தான் வரும். எனவே உங்கள் தொகை யாரையும் மிரட்டும் தொகை அல்ல. நீங்கள் நீட்டியது பாஸ்போர்ட் ஒன்றை மட்டும். அது முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். போதாததற்கு, தொழிற்பேட்டை ஓரத்திலோ பேரங்காடிக்குள்ளோ இருக்கும் சிறிய கிளைகள் பலவற்றில் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் செய்து பழக்கப்பட்ட ஊழியர்கள் இருப்பதில்லை. தெரியாததைச் செய்து மாட்டிக்கொள்வதைவிட 'முடியாது' என்று சொல்வது அவர்களுக்கு எளிது. நான் வங்கியின் செலாவணிப் பிரிவில் இருந்தவன் என்பதால் அந்த ஊழியர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அடுத்த முறை ரயோங் நகரத்தில் உள்ள பெரிய கிளைக்கோ, உங்கள் கணக்கு தொடங்கப்பட்ட கிளைக்கோ செல்லுங்கள். பாஸ்போர்ட், வேலை அனுமதி, வரவுகளைப் பதிந்து புதுப்பித்த பாஸ்புக், சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தம் அல்லது நிறுவனத்தின் கடிதம் ஆகியவற்றோடு, நிறுவனம் ஆண்டுதோறும் தரும் '50 தவி' என்ற வரிப்பிடித்தச் சான்றிதழையும், நீங்கள் தாக்கல் செய்த பி.என்.டி. 91 வரிக் கணக்கின் நகலையும் அதன் ரசீதையும் எடுத்துச் செல்லுங்கள். ஐந்து ஆண்டுச் சான்றிதழ்களும் வேண்டும். ஏதாவது ஓர் ஆண்டுக்கு உரியது தொலைந்திருந்தால் இப்போதே மனிதவளப் பிரிவில் கேட்டு வாங்கிவிடுங்கள், வேலையை விட்டபின் அந்தக் கோரிக்கைக்கு வேகம் இருக்காது. ஒவ்வொரு நகலிலும் 'உண்மை நகல்' என்று எழுதிக் கையொப்பம் இடுவது அந்த நாட்டு வழக்கம். அந்தக் கையொப்பம் கணக்கு தொடங்கியபோது போட்டதைப் போலவே இருக்க வேண்டும். கையொப்பத்தோடு, எந்த வேலைக்காக அந்த நகலைக் கொடுக்கிறீர்கள் என்பதையும் குறுக்கே எழுதிவிடுவது நல்லது. ஊரில் ஜெராக்ஸ் எடுத்த ஆதார் அட்டை எங்கெங்கோ போய்ச் சேர்வதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

வங்கி இந்தக் காகிதங்களில் என்ன தேடுகிறது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கும் தயக்கம் குறையும். 2025-ஆம் ஆண்டுக் கணக்கின்படி பாருங்கள். மாதம் 95,000 பாத் என்றால் ஆண்டுக்கு 11,40,000. அதில் செலவுக் கழிவாக ஒரு லட்சமும், தனிநபர் கழிவாக 60,000-மும், சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்டிய 9,000-மும் போனால் 9,71,000 பாத் வரிக்கு உட்படும். முதல் ஒன்றரை லட்சத்துக்கு வரி இல்லை; அடுத்தடுத்த அடுக்குகளுக்கு 5, 10, 15, 20 சதவீதம் என்று ஏறி, மொத்த வரி 1,09,200 பாத் ஆகிறது. வேறு கழிவு எதுவும் இல்லை என்றால் உங்கள் கைக்கு ஆண்டுக்கு 10,21,800 பாத் வந்திருக்கும். முந்தைய ஆண்டுகளில் சம்பளம் குறைவாக இருந்திருந்தாலும், ஐந்து ஆண்டுகளில் கையில் வாங்கியதோடு ஒப்பிட்டால் 14 லட்சம் என்பது ஒரு பகுதிதான். உழைத்து, வரி கட்டி, செலவு செய்து, மிச்சம் பிடித்தவரின் கணக்கு இப்படித்தான் இருக்கும் என்பது அனுபவமுள்ள அதிகாரிக்கு ஒரு பார்வையிலேயே புரிந்துவிடும். சான்றிதழ்களில் ஆண்டு 2567, 2568 என்று பௌத்த ஆண்டாக அச்சிடப்பட்டிருக்கும். 543-ஐக் கழித்தால் நம் ஆண்டு கிடைக்கும். இந்திய வங்கியிலோ வருமான வரி அலுவலகத்திலோ இவற்றைக் காட்ட நேரலாம் என்பதால், ஆங்கிலத்தில் ஒரு வருமானச் சான்றிதழையும் நிறுவனத்திடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் உங்கள் மூன்று நண்பர்களின் யோசனைகளும் வருகின்றன.

பிரித்து அனுப்பச் சொன்னவர் பாதி சரி. நான்கு மாதங்களுக்கு மாதம் ஒரு தொகை என்று அனுப்புவதில் குற்றம் எதுவும் இல்லை. செலாவணி விகிதம் ஏறி இறங்குவதால் அது நல்லதும்கூட. ஆனால் யாரும் கேட்கக் கூடாது என்பதற்காகவே நாளுக்கு ஒன்றாகத் துண்டு போட்டு அனுப்புவது வேறு விஷயம். பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வங்கியின் கணினி முதலில் தேடுவதே அந்த வடிவத்தைத்தான். சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனையைத் தெரிவிப்பதற்குக் குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் இல்லை. நேர்மையான பணத்துக்குத் திருட்டுப் பணத்தின் நடையை நீங்களே கொடுத்துவிடாதீர்கள்.

பாங்காக்கில் ஆள் இருக்கிறார் என்று சொல்கிறவரின் வழிக்கு உண்டியல் என்றும் ஹவாலா என்றும் பெயர். விகிதம் வங்கியைவிட நன்றாக இருக்கும், வேகமாகவும் நடக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்களைப் பாத்தைப் போடச் சொல்லும் கணக்கு முன்பின் தெரியாத ஒருவருடையது. உங்கள் அப்பாவின் கணக்கில் ரூபாயைப் போடுகிறவரும் முன்பின் தெரியாத ஒருவரே. இணைய மோசடியில் பறிபோன பணம் இப்படிப்பட்ட கணக்குகள் வழியாகத்தான் கைமாறுகிறது. பணத்தை இழந்தவர் இந்தியாவின் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ல் புகார் கொடுத்தால், அந்தப் பணம் தொட்ட கணக்குகள் ஒவ்வொன்றாக முடக்கப்படுகின்றன. எங்கோ வெளிமாநிலத்தில் பதிவான வழக்குக்காக உங்கள் அப்பாவின் ஓய்வூதியக் கணக்கு முடங்கினால், அதை விடுவிக்க அவர் எந்தக் காவல் நிலையத்துக்கு நடப்பார்? இந்திய அன்னியச் செலாவணிச் சட்டத்தின்படி, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கவும் வழி இருக்கிறது. ஒழுங்காக வரி கட்டிய பணத்தை இந்த வழியில் அனுப்பினால், அது சம்பளப் பணம்தான் என்று காட்டுவதற்கான ஒரே சங்கிலியையும் நீங்கள் அறுத்துவிடுகிறீர்கள். ஊரில் நாளை வீடு வாங்கும்போது 'பணம் எங்கிருந்து வந்தது' என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாளும் இருக்காது.

மூன்றாவது நண்பருக்கு 'இல்லை' என்று சொல்லிவிடுங்கள். கடுமையாகத் தோன்றலாம். தாய்லாந்தில் 2023-ல் வந்த தொழில்நுட்பக் குற்றத் தடுப்பு அவசரச் சட்டம், தன் கணக்கைப் பிறர் பயன்பாட்டுக்கு விடுகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ 3 லட்சம் பாத் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. அவருடைய பணம் நேர்மையான பணமாகவே இருக்கலாம். ஆனாலும் அது உங்கள் சம்பளம் இல்லை. அதைச் சம்பளம் என்று படிவத்தில் எழுதினால் பொய்யாகும், வேறு எப்படி எழுதினாலும் வங்கி ஆதாரம் கேட்கும். உங்கள் 14 லட்சத்தையும் சேர்த்து நிறுத்திவைக்க அந்த 2 லட்சம் போதும். அவருடைய சிக்கல் பண அனுப்புதலில் இல்லை, வேலை அனுமதியில் இருக்கிறது. அதற்கு அவர் தாய்லாந்து வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பதே முறை.

இனி அனுப்பும் வேலைக்கு வருவோம். எந்தக் கணக்குக்கு அனுப்புவது என்பது முதல் கேள்வி. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் முன் திருச்சியில் வைத்திருந்த சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டிருந்தால் அது விதிமீறல், அதை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவரின் உள்நாட்டு வரவுகளுக்கான) கணக்காக மாற்றியிருக்க வேண்டும். இப்போதாவது மாற்றிவிட்டு, பணத்தைப் பெற என்.ஆர்.இ. (வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துக்கான) கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் டிசம்பரில் நிரந்தரமாகத் திரும்பும் உங்களுக்கு அந்தச் சலுகை சில மாதங்களுக்கு மட்டுமே. திரும்பியதும் வங்கிக்குத் தெரிவித்து அதை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். அப்படியிருந்தும் என்.ஆர்.இ. வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம், அந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட பணம் வெளிநாட்டிலிருந்து முறையாக வந்தது என்பதற்குக் கணக்கே சாட்சி. மறுபடி வெளிநாட்டு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், திரும்பியபின் ஒரு பகுதியை ஆர்.எஃப்.சி. என்னும் அன்னியச் செலாவணிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். அதில் பணம் டாலராகவே இருக்கும்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு என்றே ஒரு தொல்லை உண்டு. பாஸ்போர்ட்டில் உங்கள் பெயரும் அப்பாவின் பெயரும் முழுதாக இருக்கும். தாய்லாந்து வங்கிக் கணக்கும் அதே பெயரில்தான் தொடங்கியிருப்பார்கள். ஊர்க் கணக்கிலோ 'மு. செல்வம்' என்று ஒற்றை இனிஷியல் நிற்கும். தாய்லாந்தில் படிவம் நிரப்பும் ஊழியருக்கு அந்த 'மு' என்பது என்ன என்று விளங்காது, அதை விட்டுவிடுவார். இந்தியாவில் வரவு வைக்க வேண்டிய கணினி, பெயர் பொருந்தவில்லை என்று பணத்தை நிறுத்திவைக்கும். இரண்டு வங்கிகளுக்கும் மின்னஞ்சல் எழுதியே இரண்டு வாரம் போய்விடும். ஆகவே என்.ஆர்.இ. கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே எழுத்துப் பிசகாமல் தொடங்குங்கள். இன்னொன்று: ஐ.எஃப்.எஸ்.சி. எண் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். வெளிநாட்டிலிருந்து வர, வங்கியை உலக அளவில் அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் எண் வேண்டும். சிறிய கிளைகள் பலவற்றுக்கு அது இருக்காது. உங்கள் வங்கியின் செலாவணிக் கிளைக்கு உரிய ஸ்விஃப்ட் எண்ணை எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கி, ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணையும் கணக்கு எண்ணையும் குறிப்புப் பகுதியில் எழுதச் சொல்லுங்கள்.

முதலில் 20,000 பாத் மட்டும் அனுப்பிப் பாருங்கள். அது ஒழுங்காகச் சேர்ந்தபின் மீதியை மூன்று நான்கு தவணைகளில் அனுப்பலாம். கட்டணத்தை யார் ஏற்பது என்று படிவத்தில் கேட்பார்கள்; எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவருக்கே என்று குறித்தால், இடையில் உள்ள வங்கிகள் வழியில் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் தவிர்க்கப்படும். ஆனால் கட்டணத்தைவிட விகிதத்தைக் கவனியுங்கள், பலரும் கோட்டைவிடுவது அங்கேதான். சில நூறு பாத் கட்டணத்துக்காகப் பேரம் பேசுவார்கள். ஒரு பாத்துக்குப் பத்துப் பைசா விகிதத்தில் இழந்தால் 14 லட்சம் பாத்துக்கு 1,40,000 ரூபாய் போகிறது என்பதைப் பார்க்க மாட்டார்கள். பாத் டாலராகி, டாலர் ரூபாயாகும்போது இரண்டு இடத்தில் வங்கிகள் தங்கள் லாபத்தை வைத்துக்கொள்கின்றன. ஆகவே, கட்டணம் உட்பட உங்கள் கணக்கிலிருந்து போன மொத்த பாத்தால் ஊரில் வரவான ரூபாயை வகுத்துப் பாருங்கள். அந்த ஒரே எண்ணை வைத்துத்தான் வழிகளை ஒப்பிட வேண்டும். வங்கி நேரடியாக ரூபாயில் அனுப்புவதாகச் சொன்னால் அதையும் இதே முறையில் சோதியுங்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி நெடுங்காலமாகப் பாங்காக்கில் கிளை வைத்திருக்கிறது. அங்கும் விகிதம் கேட்டுப் பார்ப்பதில் நட்டம் இல்லை. உங்கள் வங்கியின் செயலி வழியாக அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள்; சில வங்கிகள், வேலை அனுமதியைக் கிளையில் பதிவு செய்த வெளிநாட்டவருக்கு அதை அனுமதிக்கின்றன.

வெஸ்டர்ன் யூனியன் போன்ற சேவைகள் அம்மாவுக்கு அவசரமாக மருந்துச் செலவு அனுப்ப நல்லவை. இந்த அளவு பணத்துக்கு அவை ஒத்துவராது. இந்திய ரிசர்வ் வங்கி விதிப்படி அவ்வழியில் ஒருமுறைக்கு 2,500 டாலர்தான் உச்சவரம்பு, ஒருவர் ஓராண்டில் 30 முறைதான் பெறலாம்; என்.ஆர்.இ. கணக்கில் அதை வரவு வைக்கவும் முடியாது. பணக்கட்டாகக் கையில் எடுத்து வருவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யோசிக்கவும் வேண்டாம்.

வரிக்கு வருகிறேன். பணத்தை அனுப்புவதால் வரி வருவதில்லை. நீங்கள் எந்த ஆண்டில் எங்கே வசித்தீர்கள் என்பதே இந்தியாவில் வரியைத் தீர்மானிக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவராக இருந்த ஆண்டுகளில் தாய்லாந்தில் ஈட்டிய சம்பளத்துக்கு இந்திய வரி இல்லை, அதன் சேமிப்பை இப்போது அனுப்பினாலும் இல்லை. கடந்த நான்கு ஆண்டுகளில் நீங்கள் ஊரில் இருந்தது மொத்தம் 365 நாளுக்கு மிகக் குறைவு என்பதால், திரும்பும் நிதியாண்டில் ஏப்ரல் முதல் மார்ச் வரை இந்தியாவில் 182 நாள் இருக்கிறீர்களா என்பது மட்டுமே பார்க்கப்படும். டிசம்பர் இறுதியில் வந்தால், அதற்கு முன் விடுமுறையில் மூன்று வாரம் வந்திருந்தாலும், நூறு நாளை ஒட்டித்தான் வரும், கவலை இல்லை. இதையே ஜூலையில் செய்திருந்தால் கதை வேறு: அந்த ஆண்டு ஏப்ரல் முதல் அங்கே வாங்கிய சம்பளத்தையும் இந்தியாவில் காட்டி, தாய்லாந்தில் கட்டிய வரிக்குக் கழிவு கேட்க வேண்டியிருக்கும். நிறுவனம் முன்கூட்டியே விடுவிப்பதாகச் சொன்னால், நாளை உறுதி செய்யும் முன் ஒரு பட்டயக் கணக்காளரைப் பாருங்கள்.

கடைசியாக, வேலை முடிந்தபின் வரும் பணம். நிறுவனத்தின் சேமநல நிதியில் (பி.எஃப். போன்றது) உறுப்பினராக இருந்தால், உறுப்பினர் நிலை முடிந்த 30 நாளுக்குள் அந்தத் தொகையைத் தர வேண்டும். அதாவது நீங்கள் ஊருக்கு வந்தபின் அது தாய்லாந்துக் கணக்கில் விழக்கூடும். ஆகவே கணக்கை மூடிவிடாதீர்கள். நிதியிலிருந்து எவ்வளவு வரும் என்ற கடிதத்தைக் கிளம்பும் முன் வாங்கி, அந்தத் தொகையை நீங்கள் இல்லாதபோது செயலி வழியாக அனுப்ப முடியுமா என்பதைக் கிளையில் நேரில் கேட்டு முடிவு செய்யுங்கள். தாய்லாந்து சிம் அட்டையைச் சில மாதங்களுக்கு உயிரோடு வைத்திருங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். 50,000 பாத்துக்கு மேற்பட்ட பரிமாற்றத்துக்குச் செயலி முகத்தையும் சரிபார்க்கும் என்பதால், முகப் பதிவு முடிந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். அந்தக் கணக்கு அடுத்த நிதியாண்டுக்கும் நீடித்தால், இந்திய வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான அட்டவணையில் அதைக் குறிப்பிட வேண்டும், அதில் நூறு பாத் மட்டுமே மீதி இருந்தாலும்.